மங்கலாய் எரிந்த பெட்ரோல் விளக்கு

சாணார்பட்டி,
ஞாயிற்றுக்கிழமை மாலை.

மதிப்புக்குரிய ஷேக் தாவூது அண்ணன் அவர்களுக்கு, மாடுகளுக்குச் சினை ஊசி போடும் மணிமாறன் எழுதுவது.

இடுப்பு ஆபரேஷன் முடிந்து நீங்கள் பழனியில் மூத்த மகள் வீட்டில் இருப்பதாகச் சின்னவள் பாசிலா சொன்னாள். எழுந்து நடக்கத் தொடங்கியிருப்பீர்கள். நாகல் நகரில் உங்கள் வண்டி வயரிங் கடையை அவள் எப்படி நடத்துகிறாள் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். நடந்ததை முதலிலிருந்தே எழுதுகிறேன்.

என் வண்டியில் பெட்ரோல் அளவு காட்டும் முள் கிடையாது. குறைந்தால் மீட்டரில் ஒரு சின்ன மஞ்சள் விளக்கு எரியும். பெட்ரோல் குழாயை ரிசர்விலேயே வைத்து ஓட்டுவது என் பழக்கம் என்பதால், அந்த விளக்கை விட்டால் எனக்கு வேறு எச்சரிக்கை இல்லை. போன ஆயுத பூஜைக்கு வண்டியைத் துடைத்தபோது, வெயிலில் அது பளிச்சென்று தெரியட்டுமே என்று ஒரு எல்.இ.டி. பல்பு வாங்கி நானே மாட்டினேன். அன்று முதல் டேங்க் நிறைந்திருந்தாலும் மங்கலாக எரிந்தது, காலியானாலும் மங்கலாக எரிந்தது. நாளாக ஆக நான் அதைப் பார்ப்பதையே விட்டுவிட்டேன்.

அதன் பலனை அனுபவித்தது சிறுமலை ஒச்சம்மாள். அவரிடம் இருப்பது ஒரே ஒரு பசு. அது பருவத்துக்கு வந்து கத்துகிறது என்று கூப்பிட்டார். மலை ஏறினேன். பதினோராவது வளைவில் வண்டி நின்றது. டேங்கில் பெட்ரோல் இல்லை. மேலே பங்க் கிடையாது, பஸ்ஸும் அபூர்வம். மறுநாள் காலை நான் போய்ச் சேர்ந்தபோது பருவம் முடிந்திருந்தது. ஏற்கெனவே இரண்டு முறை ஊசி போட்டுச் சினை நிற்காத மாடு அது.

“இருபத்தோரு நாள் பாப்பேன் தம்பி,” என்றார் ஒச்சம்மாள். “அதுக்கும் நிக்கலைன்னா யாவாரிகிட்டப் புடிச்சுக் குடுத்துருன்னு மகன் சொல்லிட்டான். நான் என்னத்தச் சொல்ல?”

வண்டிக் கோளாறு என்று மட்டும் அவரிடம் சொன்னேன். கோளாறு செய்தவன் யார் என்று சொல்லவில்லை.

இருபதாம் நாள் மதியம் உங்கள் கடைக்குப் போனேன். பாசிலா முதலில் பேட்டரியைப் பார்த்தாள், சரியாக இருந்தது. எர்த் வயரைச் சுரண்டி முறுக்கினாள், விளக்கு அதே மங்கல்தான். டேங்குக்கு அடியில் சென்சாருக்குப் போகும் இரண்டு வயரையும் கழற்றி ஒன்றாகச் சேர்த்தாள். விளக்கு பளீரென்று எரிந்தது.

“வயரு நல்லாருக்கு. பல்பு கம்பெனி பல்புதானண்ணே?”

“ஆமாம்மா,” என்றேன். நானே கைவைத்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

அந்த ஒரு சொல்லால் ஒன்றரை மணி நேரம் போயிற்று. டேங்கில் இருந்த பெட்ரோலைக் கேனில் இறக்கினாள். சென்சாரைக் கழற்றித் துடைத்து, டேங்கிலிருந்து தள்ளி எட்டத்தில் வைத்து, தன் பெட்டியிலிருந்த சாதாரண பல்பு ஒன்றையும் பேட்டரியையும் அதனுடன் இணைத்தாள். ஒரு நிமிடத்தில் அந்தப் பல்பு கொஞ்சம் கொஞ்சமாகப் பிரகாசமாயிற்று.

“சென்சாரும் நல்லாருக்கு. மிச்சம் இருக்கறது ரெண்டுதான். ஒண்ணு பல்பு. இன்னொண்ணு நீங்க.”

அப்போதுதான் ஒத்துக்கொண்டேன். மீட்டரைத் திறந்து பல்பை எடுத்துப் பார்த்தாள்.

“அண்ணே, சென்சாரு பெட்ரோலுக்குள்ள முங்கிக் கெடக்கிற வரைக்கும் குளுந்து கெடக்கும். பெட்ரோல் எறங்குனா, பல்பு இழுக்கிற கரண்டுல சூடாகி வழி விடும். உங்க எல்.இ.டி. அம்புட்டு கரண்டு இழுக்காது. சென்சாரு சூடாகவே ஆகாது. கசியிற கரண்டுல எப்பவும் மினுக்கிக்கிட்டுத்தான் கெடக்கும். வந்ததுமே சொல்லியிருந்தா இந்நேரம் ரெண்டு வண்டி பாத்திருப்பேன். மாட்டுக்கு வைத்தியம் பாக்கிறப்ப இப்படித்தான் மறைப்பாங்களா?”

“மாடு வாயத் தொறந்து எதையும் சொல்லாதும்மா.”

“அது பரவாயில்ல. நீங்க வாயத் தொறந்து மாத்திச் சொல்றீங்க.”

சென்சாரைத் திரும்பப் பொருத்தி, சாதாரண பல்பை மாட்டி, சோதித்துப் பார்க்கக் கேனிலிருந்து கொஞ்சம் பெட்ரோலை மட்டும் டேங்கில் ஊற்றினாள். விளக்கு அணைந்தது. அந்த நேரத்தில் ஒச்சம்மாளின் போன் வந்தது.

“தம்பி, ஒரு நா முந்தியே வந்துருச்சு. காலையில இருந்து கத்துது. வாரீகளா?”

காலையில் கத்தினால் சாயங்காலம் ஊசி போட வேண்டும். மணி மூன்று. விந்துக் குச்சிகளை உறைநிலையில் வைத்திருக்கும் நைட்ரஜன் கேனை வண்டியில் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். பாசிலா அடுத்த வண்டிக்குக் குனிந்திருந்தாள். மிச்சப் பெட்ரோல் உங்கள் கடை வாசலில், கேனிலேயே இருந்தது. எனக்கு அது நினைவில்லை.

நத்தம் ரோட்டில் பங்கைத் தாண்டி, சிறுமலைப் பிரிவில் திரும்பினேன். மலைப்பாதை தொடங்கும் இடத்தில் மீட்டரில் மஞ்சள் வெளிச்சம் ஏறியது. சாயங்கால வெயில் நேராக அடித்தும் அது தெரிந்தது. வண்டியை ஓரம் நிறுத்தி டேங்கைத் திறந்து பார்த்தேன். அடியில் ஒரு தம்ளர் அளவுதான் இருக்கும். அப்படியே திருப்பி, மெதுவாக ஓட்டிப் பங்குக்குப் போய் டேங்கை நிரப்பினேன். விளக்கு அணைந்த பிறகே மலை ஏறினேன்.

போய்ச் சேர்ந்தபோது மணி ஐந்தரை. ஒச்சம்மாள் மாட்டைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். மகன் எட்ட நின்று பார்த்தார். ஊசி போட்டேன்.

அடுத்த இருபத்தோராம் நாள் மாடு கத்தவில்லை. நேற்று மூன்று மாதம் முடிந்தது. போய்க் கையை விட்டுப் பார்த்தேன். சினை நின்றிருக்கிறது. சொன்னதும் ஒச்சம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்தார்.

“ஏலே, அந்த யாவாரிக்குப் போனப் போடு. மாடு இல்லைன்னு சொல்லு,” என்றார் மகனைப் பார்த்து.

அன்று மலை ஏற முடியாமல் போனது என்னால்தான் என்பதையும், விளக்கைச் சரிசெய்தது பாசிலா என்பதையும் அப்போது அவரிடம் சொன்னேன். “அந்தப் புள்ளை இல்லைன்னா என் மாடு போயிருக்கும்,” என்றார்.

இதை நேரில் சொல்லலாம் என்று இன்று காலை கடைக்குப் போனேன். பாதி சொல்லும்போதே, “சரிண்ணே, தள்ளுங்க, அந்த வண்டி நிக்குது,” என்று ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன். அவளுக்கு நான் சொல்ல வேண்டிய நன்றியை அவள் அத்தாவான நீங்களாவது முழுதாகக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். கடையைப் பற்றிக் கவலை வேண்டாம்.

மணிமாறன்