கைகட்டும் நாள்

அந்த ஃபெல்லோஷிப்பில் சேர்ந்தவர்கள் எல்லோரும் ஒரு நாளுக்குப் பயப்படுவார்கள். அதற்குக் காகிதத்தில் நீளமான பெயர் ஒன்று உண்டு. ஆய்வகத்தில் அதைக் கைகட்டும் நாள் என்றுதான் சொல்வார்கள். முதல் வருடம் முடியும்போது, நீங்கள் எந்த ரசாயன ரியாக்‌ஷனைக் காட்டி இந்த இடத்துக்கு வந்தீர்களோ அதையே உங்கள் கண்ணெதிரே வேறொருவர் செய்வார். நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். தொடக்கூடாது, வாய் திறக்கக்கூடாது. அவர் கையிலும் வந்தால் இன்னும் இரண்டு வருடம் இருக்கலாம். வராவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். உலகத்தில் எந்தெந்த மூலையிலிருந்தோ இளம் விஞ்ஞானிகளை வருந்தி வருந்தி அழைத்து, வந்த பிறகு இப்படி அடிவயிற்றைக் கலக்குவதில் அந்த அமைப்புக்கு அப்படி ஒரு திருப்தி.

அப்படி வந்த அவளுக்கு அந்தப் பயம் இருக்கவில்லை. அவளுடைய ரியாக்‌ஷன் சொன்னபடி கேட்கும் பிள்ளை. இரண்டு மூலக்கூறுகளை ஒட்ட எல்லோரும் பல்லேடியம் என்ற விலை உயர்ந்த உலோகத்தைப் போடுவார்கள். உலோகமே இல்லாமல் ஒட்டிக் காட்டியவள் அவள். தண்ணீர் போலிருக்கும் கலவை சூட்டில் சுழன்றுகொண்டே மெல்ல மஞ்சளாகும். இங்கே வந்த பிறகும் ஒரு தடவைகூட ஏமாற்றியதில்லை.

கைகட்டும் நாளுக்கு முந்தின நாள் காலையில், சும்மா இருக்க மாட்டாமல் ஓர் ஒத்திகை பார்த்தாள். நாளைக்குச் செய்யப்போகிறவர் எப்படிச் செய்வாரோ அப்படியே செய்வது என்று பொது அலமாரியிலிருந்து புதுக் குடுவை, புது ரசாயனப் புட்டி, புதுக் காந்தம் என்று எடுத்துக்கொண்டாள். வெந்நீர்த் தொட்டியில் வைத்துவிட்டுக் காத்திருந்தாள். குடுவை தெளிவாகவே சுழன்றது. மதியச் சாப்பாட்டுக்குப் போய்விட்டு வந்தாள். அப்போதும் தெளிவாகத்தான் இருந்தது. குனிந்து, நிமிர்ந்து, பின்னால் வெள்ளைத் தாளைப் பிடித்துப் பார்த்தாள். மஞ்சளின் வாடைகூட இல்லை.

ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தாள். பழைய குடுவை போட்டாள், வரவில்லை. பழைய புட்டியிலிருந்து ஊற்றினாள், வரவில்லை. கடைசியில் கோட்டுப் பையிலிருந்து தன் காந்தத்தை எடுத்துப் போட்டாள்.

இந்தக் காந்தத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். விரல் நுனி அளவுக்கு, வெள்ளை உறை போட்ட சின்னக் குச்சி. குடுவைக்குள் கிடந்து கலவையைச் சுழற்றும், அவ்வளவுதான் அதன் வேலை. ஆனால் அடுத்தவர் மேசையிலிருந்து காந்தம் திருடாத ரசாயன விஞ்ஞானி இன்னும் பிறக்கவில்லை. அதனால் அவள் பழைய ஆய்வகத்திலிருந்தே தன்னுடையதைக் கோட்டுப் பையில் வைத்துக் காப்பாற்றி, அப்படியே இங்கேயும் கொண்டுவந்திருந்தாள்.

குடுவை மஞ்சளானது.

அவள் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். இடுக்கியால் காந்தத்தை எடுத்துக் கழுவி வெளிச்சத்தில் பிடித்தாள். வெள்ளை உறை முழுக்க மெல்லிய கீறல்கள். கீறல்களுக்குள் சாம்பல் நிறம். பழைய ஆய்வகத்தில் இதே காந்தத்தைப் போட்டு அவளுடைய சீனியர் வருடக்கணக்காகச் செய்ததெல்லாம் பல்லேடியம் வேலை. எத்தனை கழுவினாலும் கீறலுக்குள் போனது போகாது. உலோகம் இல்லை, உலோகம் இல்லை என்று மேடைக்கு மேடை பேசினாளே, அந்த உலோகம் இத்தனை நாளும் அவள் கோட்டுப் பையில்தான் இருந்திருக்கிறது. இவள் கண்டுபிடித்தது ஒன்றுமே இல்லை.

யாரையும் ஏமாற்ற நினைத்து அவள் இதைச் செய்யவில்லை. அது அவளுக்கே தெரியும். ஆனால் இந்த நிமிடத்திலிருந்து தெரியாது என்று சொல்ல முடியாதே, அதுதான் பயமாக இருந்தது.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது கணவன் தரையில் உட்கார்ந்து மகளின் புதுப் புத்தகங்களுக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தான். இவளுக்காக வேலையை விட்டுவிட்டு வந்தவன். போன மாதம்தான் இங்கே ஒரு வேலை கிடைத்து, கொஞ்சம் சிரிக்க ஆரம்பித்திருந்தான்.

"என்ன, மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி இருக்கு?"

"ஒண்ணுமில்லீங்க. தலைவலி."

"நாளைக்கு எல்லாம் நல்லபடியா முடிஞ்சிடும்ல? பாப்பாவுக்கு இப்பதான் பள்ளிக்கூடத்துல நாலு பேரு பழக்கமாகியிருக்காங்க. இன்னொரு தடவை இடம் மாத்தினா தாங்க மாட்டா."

"முடிஞ்சிடும்."

"நீ சொன்னா சரி. எனக்கு உன் குடுவையும் தெரியாது, கொதிக்கிறதும் தெரியாது. உன்னைத்தான் தெரியும்" என்று சொல்லி அட்டையை மடித்தான்.

அவன் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது அவளுக்கு.

மறுநாள் எல்லோருக்கும் முன்னால் ஆய்வகத்துக்கு வந்தாள். பொது அலமாரியில் அந்த அளவுக் காந்தங்கள் ஒரு டப்பா நிறைய இருந்தன. அத்தனையையும் அள்ளிக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு, தன்னுடையதை மட்டும் டப்பாவில் வைத்தாள். மூடி சரியாக மூடவில்லை. இரண்டு தடவை அழுத்த வேண்டியிருந்தது. இதுவரை வாழ்நாளில் பேருந்தில் டிக்கெட் வாங்காமல்கூடப் போகாதவள்.

செய்து பார்க்க வந்தவனுக்கு ஆய்வகத்தில் நிதானம் என்று பெயர். இவளுக்கு அடுத்த மேசைக்காரன், அதே ஃபெல்லோஷிப்பில் வந்தவன்தான். தண்ணீர் குடிப்பதற்கு முன்னால் பாட்டிலில் ஒட்டியிருப்பதை ஒருமுறை படித்துவிட்டுத்தான் குடிப்பான் என்பதால் அந்தப் பெயர். ஆய்வகத் தலைவியான பேராசிரியர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவள் கையைக் கட்டிக்கொண்டு இரும்பு அலமாரி ஓரமாக நின்றாள்.

நின்றதும் 'டக்' என்றது. கோட்டுப் பை தானாக நகர்ந்து அலமாரியில் ஒட்டிக்கொண்டது. உள்ளே இருப்பது அத்தனையும் காந்தமல்லவா. விஞ்ஞானி மகாராணிக்கு அந்தச் சின்ன விஷயம் தோன்றவில்லை. விலகி நின்றால் துணி அலமாரியை விட்டு வரும் சத்தம் கேட்கும். விலகாவிட்டால் யாராவது பார்ப்பார்கள். கையையும் எடுக்க முடியாது. சுவரோடு அடித்து வைத்த ஆணி போல நின்றாள்.

நிதானம் குடுவையை வெளிச்சத்தில் பார்த்தான். புட்டியைப் படித்தான். டப்பாவைத் திறந்தான்.

"ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு மேடம். நேத்து நிறைய இருந்துச்சே."

"நம்ம ஆளுங்க கைவரிசைதான்" என்றார் பேராசிரியர்.

அவன் காந்தத்தை இடுக்கியில் எடுத்தான். திருப்பினான். மறுபடி திருப்பினான்.

"பழசு மாதிரி தெரியுது. கீறலா இருக்கு. கீழே ஸ்டோர்ல போய் புதுசு வாங்கிட்டு வரட்டுமா?"

போ என்று ஒரு மனசு சொன்னது. ஐயோ வேண்டாம் என்று இன்னொரு மனசு அலறியது. வாய் திறக்கக்கூடாது என்ற விதி அந்த நேரத்தில் அவளுக்கு எவ்வளவு வசதியாக இருந்தது என்பதை நினைத்தால் அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

"காந்தம்தானேப்பா, சுத்தினா போதும். போடு" என்றார் பேராசிரியர்.

மஞ்சள் வந்தது. எப்போதும்போல, சொன்னபடி கேட்கும் பிள்ளையாக வந்தது. நிதானம் கைதட்டினான். அந்தச் சத்தத்தில் அவள் அலமாரியை விட்டு விலகிக்கொண்டாள். பேராசிரியர் எழுந்து வந்து அவள் தோளைத் தட்டினார். சந்தோஷம் வரும், அப்புறம் குற்றவுணர்ச்சி வரும் என்று எதிர்பார்த்திருந்தாள். இரண்டும் வரவில்லை. காலையில் இருந்த அதே பயம்தான் இன்னும் பெரிதாக உட்கார்ந்திருந்தது. இனி இரண்டு வருடமும் அந்தக் காந்தத்தோடுதான் குடித்தனம். தொலைந்தால் போச்சு.

"என் ரூமுக்கு வா" என்றார் பேராசிரியர். "ஒரு பொண்ணு காத்துக்கிட்டு இருக்கா. உன் ரியாக்‌ஷனை வெச்சுத்தான் அவளோட திட்டமே. இன்னைக்கு சரியா வந்தா ஃபெல்லோஷிப்புக்கு எடுத்துக்கறேன்னு சொல்லியிருந்தேன்."

அறையில் கணினித் திரையில் ஒரு பெண் தெரிந்தாள். இருபத்தைந்துக்கு மேல் இருக்காது. தலையைக்கூடச் சரியாக வாராமல் ஓடிவந்து உட்கார்ந்தவள் போல இருந்தாள். பேராசிரியர் விஷயத்தைச் சொன்னதும் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள்.

"அக்கா, நீங்கதானா? உங்க பேப்பரை எத்தனை தடவை படிச்சிருக்கேன் தெரியுமா?" முகத்திலிருந்து கையை எடுத்தாள். "நான் இங்க காலேஜ்ல நிரந்தர வேலையில இருக்கேன்கா. இன்னைக்கே விட்டுடறேன்னு சொல்லப் போறேன். அம்மா காலையிலேர்ந்து அழறாங்க. அப்பா இல்லாத வீடு, என் சம்பளம்தான். மூணு வருஷம் பொறுத்துக்கோம்மா, வந்து பெரிய ஆளா ஆகிடறேன்னு சொல்லியிருக்கேன்."

"நல்லா வருவே" என்றார் பேராசிரியர்.

"அக்கா, ஒண்ணு கேக்கலாமா? தப்பா நினைக்காதீங்க. எனக்கு உங்க அளவுக்குக் கைராசி கிடையாது. உங்க ரியாக்‌ஷன் என் கையிலயும் வரும்ல?"

அவள் பேராசிரியரைப் பார்த்தாள். அவர் சிரித்துக்கொண்டு, சொல்லு என்பதுபோலத் தலையசைத்தார். வரும் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நேற்று வீட்டில் முடிஞ்சிடும் என்று சொல்லவில்லையா, அதே மாதிரி ஒரு வார்த்தை. கணவனின் முகம், மகளின் பள்ளிக்கூடம், பெட்டிகள் எல்லாம் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன. இவ்வளவு பயத்தை அவள் இதுவரை அனுபவித்ததில்லை. நேற்றைய பயமெல்லாம் இதன் முன்னால் ஒன்றுமே இல்லை.

"வராது" என்றாள்.

அந்தப் பெண் சிரித்தாள். "என்னக்கா, கலாய்க்கிறீங்களா?"

"இல்லம்மா. யார் கையிலயும் வராது. என் கையிலயும் வராது. உலோகம் இருக்கு அதுல. எனக்கு நேத்துதான் தெரியும்." நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்க முடியாது என்பதால் நிறுத்தாமல் சொன்னாள். "இன்னைக்கு வந்தது நான் செஞ்ச திருட்டுத்தனம். நீ வேலையை விட்டுடாதே. இன்னும் சொல்லலையே? யார்கிட்டயும் சொல்லலைல்ல?"

"இன்னும் இல்லக்கா."

"அம்மாவை அழ வேண்டாம்னு சொல்லு."

பேராசிரியரின் முகத்தில் சிரிப்பு எப்போது போனதென்று அவள் கவனிக்கவில்லை. அவர் கையை நீட்டித் திரையை அணைத்தார். பிறகு எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்து, எதிரே உட்கார்ந்தார்.