தாளம் பிடித்தவன்

றுமைஸுக்கு நஸீமின் கை முறிய வேண்டும். கொல்லுகிற எண்ணமெல்லாம் இல்லை, கை போதும். தங்கை றிஸ்னாவைக் கட்டியவன், அவளை விட்டுவிடுகிறேன் என்று, மணவிலக்கு வழக்குப் பார்க்கிற காழியாருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்த அந்த வலக்கை.

கடிதம் கொடுத்து நாற்பது நாள்கூட ஆகவில்லை. அதற்குள் மனுசன் ஒன்றும் நடக்காத மாதிரி வெள்ளிக்கிழமை பாட்டுப் பள்ளிக்கூடத்தில் வந்து நிற்கிறான். பாட்டுப் பள்ளிக்கூடம் என்பதெல்லாம் பெரிய பேர். கல்முனைக்குடிக் கடற்கரையில், மீனவர் சங்க மண்டபத்தில், பின்னேரத்து அஸர் தொழுதுவிட்டு ஆண்கள் கூடிப் பாடிப் பொல்லடிக்கிற இடம், அவ்வளவுதான். இரண்டு கையிலும் பொல்லோடு, அதாவது குட்டைத் தடியோடு, வட்டமாக நின்று, பாட்டுக்கு ஏற்ப எதிரில் நிற்பவனின் பொல்லில் அடிக்க வேண்டும். நடுவில் தாளம் போட்டுப் பாடுகிற அண்ணாவியார் நம்முடைய றுமைஸ்.

அண்ணாவியார் முடிப்பு வரி பாடும்வரை எவனும் வட்டத்தை விட்டு விலகக் கூடாது. பொல்லைக் கீழே போட்டால் மானம் போய்விடும். உள்ளே பட்ட அடிக்கு வெளியே நியாயம் கேட்கிற வழக்கமும் இல்லை. றுமைஸின் கெட்ட மூளை வேலை செய்தது இந்த இடத்தில்தான்.

அன்றைக்கு இணையை மாற்றினான். நஸீமுக்கு எதிரில் ஹமீடை நிறுத்தினான். ஹமீட் றுமைஸுக்குச் சாச்சா மகன், தம்பி முறை; கரைவலை இழுத்து இழுத்து முறுகின கை.

"காக்கா, வேகம் கூடினா எனக்குக் குறி தப்பும். ஒங்களுக்குத் தெரியுந்தானே," என்றான் ஹமீட் மெல்ல.

"தப்பினாத் தப்பட்டும். நீ அடி."

பாட்டு மெதுவாகத்தான் தொடங்கியது. இரண்டு சுற்று ஒழுங்காகப் போனது. மூன்றாவது சுற்றில் றுமைஸ் தாளத்தை இறுக்கினான். பத்துப் பேரின் கால்களும் தடுமாறின. ஹமீடின் பொல்லு வழுக்கி நஸீமின் வலக்கை விரல் மூட்டில் விழுந்தது. நஸீம் பல்லைக் கடித்துக்கொண்டு நிமிர்ந்து றுமைஸைப் பார்த்தான். றுமைஸ் இன்னும் கூட்டினான்.

அடுத்த அடி மணிக்கட்டில். அதற்கடுத்தது மறுபடி விரல்களில். தோல் கிழிந்து இரத்தம் பொல்லு வழியே ஒழுகியது. பொல்லுகள் மோதுகிற சத்தத்துக்குள் எலும்பு உடைகிற சத்தம் வேறாகக் கேட்டது. பாட்டுக்காரனின் காது அல்லவா, றுமைஸுக்குத்தான் அது முதலில் கேட்டது.

அவன் ஆசைப்பட்ட கை முறிந்தாயிற்று. முடிப்பு வரி நாக்கு நுனியில் நின்றது. அதைப் பாடியிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் அவனுக்குள் ஒரு சந்தோசம் ஊறிவிட்டது. அசிங்கமான சந்தோசம், அதை அவன் மறைக்கவும் இல்லை. பாட்டைத் திரும்பவும் தொடக்கத்திலிருந்து எடுத்தான்.

"போதும் காக்கா!" என்று ஹமீட் கத்தினான். கத்திக்கொண்டே அடித்தான், பாட்டு ஓடும்போது நிறுத்த அவனுக்குத் தெரியாது. உடைந்த விரல்களால் பொல்லைச் சரியாக ஏந்த முடியாமல் நஸீமின் கை தாழ்ந்தது. தடுக்க ஆளில்லாமல் வந்த ஹமீடின் பொல்லு அவனுடைய வலது கண்ணில் இறங்கியது.

பாட்டு பாதியில் நின்றது. நஸீம் முழந்தாளிட்டு விழுந்தான். ஹமீட் பொல்லுகளை எறிந்துவிட்டு அவனைத் தூக்கி ஓட்டோவில் போட்டான்.

றுமைஸ் நேரே தங்கை வீட்டுக்குப் போனான். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னான், கொஞ்சம் பெருமையாகவே. றிஸ்னா சுவரில் முதுகைக் கொடுத்தபடி கேட்டுக்கொண்டு நின்றாள். பிறகு வந்து தமையனின் கன்னத்தில் ஓங்கி அறைந்தாள்.

"நான்தான் காக்கா அந்த மனிசன வேணாமெண்டு சொன்ன! அவரோட எனக்கு ஒத்துவரல்ல. நான் கேட்டு விட்டா ஊரு என்னப் பிச்சித் திண்டிரும் எண்டு, 'நான் விட்டதாவே இரிக்கட்டும்' எண்டு அவராத்தான் எழுதிக் குடுத்தார். அந்தக் கையையா முறிச்ச?"

அவன் ஆஸ்பத்திரிக்கு ஓடினான். வார்டில் பொலிஸ்காரர் ஒருவர் ஹமீடின் வாக்குமூலத்தை எழுதிக்கொண்டிருந்தார்.

"அவன் இல்ல சேர். நான்தான் செஞ்ச," என்றான் றுமைஸ்.

"ஒங்கட கையில பொல்லு இருந்திச்சா?"

"இல்ல சேர். தாளம். பாட்டுல வேகத்தக் கூட்டினன்."

பொலிஸ்காரர் அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சிரித்தே விட்டார். "பாட்டுப் படிச்சதுக்கு நான் என்னத்த எழுதுற? வீட்ட போங்க தம்பி."

கட்டிலில் நஸீமின் கண்ணில் பெரிய கட்டு. அந்தக் கண் இனி இல்லை என்று டொக்டர் சொல்லிவிட்டாராம். வலக்கையிலும் கட்டு. றுமைஸ் பக்கத்தில் போய் நின்றான். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை, வேறொன்றுதான் வந்தது.

"நான் வேணுமெண்டே கூட்டினது விளங்கித்தானே இரிக்கி ஒங்களுக்கு. பொறகு ஏன் மச்சான் பொல்லக் கீழ போடல்ல?"

நஸீம் மற்றக் கண்ணை அவன் பக்கம் திருப்பினான்.

"நீங்க முடிப்பீங்க எண்டு பாத்துக்கொண்டு நிண்டன்," என்றான்.