நடுவில் நூற்று நாற்பது மைல்

அந்துப்பூச்சிப் பட்டியலிலிருந்து பெயர் நீக்கப்பட்ட அன்றே தபால்காரர் ஆர்வில் ஸ்டாமின் நிழல் போயிற்று. அந்த வாரக் கடைசியில் ஆர்வில் ஸ்டாமும் போனார். நியூ மெக்சிகோவின் அந்த மலையூரில் யாரும் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. பாதிரியார் வெறும் சவப்பெட்டியை அடக்கம் செய்தார், தபாலுக்கு வேறு ஆள் வந்தார்.

பெயர் வைத்தவரும் நீக்கியவரும் பள்ளிக்கூட வாத்தியார் லோவெல் பிராதர்தான். ஒரு சின்னப் பூச்சிப் பேரினத்தைக் கட்டிக்கொண்டு இருபது வருடம் மாரடித்தவர். புது இனம் கிடைத்தால் வேண்டியவர் பெயரை வைப்பது பூச்சி ஆராய்ச்சிக்காரர்கள் வழக்கம். தனித்தனிப் பெயர் வைத்த இரண்டு இனமும் ஒன்றுதான் என்று தெரிந்தால் முதலில் அச்சேறிய பெயர் நிற்கும், பிந்தியது போகும். போனால் என்ன ஆகும் என்பது ஆர்வில் போன பிறகுதான் வாத்தியாருக்கே விளங்கியது. பேரினத்தில் மிச்சமிருந்த ஏழு இனங்களில், சாம்பல் பட்டை போட்ட ஒன்றுக்கு மகள் இடெல்லாவின் பெயரை வைத்திருந்தார். பாசம் கண்ணை மறைத்துவிட்டது, வேறென்ன.

அதன் வயிற்று நுனியைக் காரக் கரைசலில் வேகவைத்து நுண்ணோக்கியில் பார்த்தால், ஏழில் இன்னொன்றான டெக்சாஸ் பூச்சிக்கும் அதற்கும் மயிரிழை வித்தியாசமில்லை. டெக்சாஸ் பெயர் நான்கு வருடம் மூத்தது, இரண்டும் ஒன்றென்றால் போக வேண்டியது இடெல்லாவின் பெயர்தான். இரண்டும் வேறு என்று சொல்ல ஒரே ஒரு சாக்குதான் மிச்சம்: நடுவே நூற்று நாற்பது மைல் சமவெளியில் அந்தப் பூச்சி ஒன்றுகூடக் கிடையாது.

அந்த ஆகஸ்டில் இடெல்லா டெக்சாஸிலிருந்து காரில் வந்து இறங்கினாள். வழியில் ஒரு பெட்ரோல் பங்க் விளக்கடியில் பிடித்த அதே பூச்சிகள் பதினொன்று, பூச்சி கொல்லும் சயனைடு பாட்டிலில் கிடந்தன.

"நடுவுல ஒண்ணும் கிடையாதுன்னீங்களேப்பா. இந்தாங்க, நடுவுல."

சிரித்துக்கொண்டே நீட்டியவள் அவர் முகத்தைப் பார்த்தாள். அவருடைய கட்டுரைகளைத் தட்டச்சு செய்பவள் அவள்தான். புரிந்துகொள்ள அதிக நேரமாகவில்லை.

"பொய் எழுதப் போறீங்களா?"

"ஆமா."

"அதுவும் பலிச்சிடுச்சுன்னா?"

"பேசாம டைப் அடி."

பூச்சிகளை அடுப்பில் போட்டார். ஏழு இனம், நடுவே வெற்றிடம் என்று வரைபடத்தோடு கட்டுரை அச்சானது. அப்படியே ஆயிற்று. அடுத்த வசந்தத்தில் அந்த நூற்று நாற்பது மைலில் முதலில் அந்துப்பூச்சி இல்லை, பிறகு புல் இல்லை, ஜூனுக்குள் அங்கிருந்த மூன்று ஊர்களிலும் மனிதர் இல்லை. அடுப்பில் பானை சூடாக இருந்தது, கிளற ஆளில்லை. லோவெல் ஒரு மாதம் சரியாகச் சாப்பிடவில்லை. பாவி, பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டார். அந்தக் கட்டுரை தப்பு என்று மறுப்பு மட்டும் எழுதவில்லை.

நெடுஞ்சாலைத் துறை இரண்டு முனையிலும் பலகை நட்டது: நூற்று நாற்பது மைலுக்குப் பெட்ரோல் கிடைக்காது. ஜனங்கள் தண்ணீர் எடுத்துக்கொண்டு போகப் பழகினார்கள். இடெல்லாவுக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள். அவர்களை மடியில் வைத்துக்கொண்டால் லோவெல் லேசில் இறக்கிவிடமாட்டார்.