வலக்கையும் இடக்கண்ணும்

சுகாதாரத்துறை அதிகாரி திரு. அம்பாதூ தலைநகரிலிருந்து வரும்பொழுதெல்லாம் எதையேனும் சீர்திருத்திவிட்டுப் போவார். அவர் சீர்திருத்தியதைச் சரிசெய்ய மருத்துவமனைக்கு மூன்று மாதம் பிடிக்கும். கண் பிரிவின் செவிலி போகுவா இதனைப் பதினோராண்டுகளாகக் கண்டு வருபவள். ஆதலால் அன்று காலை, மார்பில் அடையாள அட்டை ஆட, புகைப்படக்காரர் ஒருவர் பின்தொடர அவர் உள்ளே நுழைந்தபோது, அவள் எழுந்து நின்றாளேயன்றி வியப்படையவில்லை.

ஒரு கண்ணைச் சோதிக்கையில் மற்றதை மறைக்கும் கறுப்புக் கரண்டிகள் நான்கையும் சென்ற முறை ஏதோ கண்காட்சிக்கென அவர் எடுத்துச் சென்றார், அவை திரும்பவில்லை. இம்முறை அவற்றுக்கு ஈடாகத் தாமே இயற்றிய விதியொன்றைச் சுவரில் ஒட்டினார். வலக்கண்ணை வலக்கையால் மூடுக. இடக்கண்ணை இடக்கையால் மூடுக. விடையை வாயால் கூறற்க. மற்றக் கையால் காட்டுக.

"வாயால சொன்னா வரிசையில நிக்கிறவங்க மனப்பாடம் பண்ணிடுவாங்க, சிஸ்டர். இதெல்லாம் நீங்க யோசிக்கவே மாட்டீங்க."

"எங்கய்யா, எங்களுக்கு நோயாளியப் பாக்கவே நேரம் சரியாப் போயிடுது."

அதையும் அவர் பாராட்டென்றே கொண்டார்.

ஆறு மீட்டருக்கு அப்பால் சுவரில் தொங்கிய அட்டையில் ஒரே வடிவந்தான்; மூன்று பல் சீப்புப் போன்றது. மேல்வரிசையில் பெரியதாக ஒன்று. கீழே வரவரச் சிறுத்துப் பல. பற்கள் எத்திசை நோக்குகின்றன என்று காட்டவேண்டும். அட்டையின் கீழிருந்த பெஞ்சில், தம் முறைக்குக் காத்து ஊர்ப் பெரியவர்கள் அமர்ந்திருந்தனர். மறுநாள் குமாசி நகரிலிருந்து அறுவை மருத்துவர் வருகிறார். ஆண்டுக்கு ஒரு முறைதான் வருவார். மேல்வரிசையின் பெரிய வடிவம்கூடத் தெரியாத கண்ணுக்கே அவருடைய பட்டியலில் இடம். பட்டியல் அன்று நண்பகலிலேயே அவருக்குப் போய்விடும்.

டாச்சிவாவின் முறை வந்தது. லாரி நிலையத்து உணவுக்கடையில், வேகவைத்த கிழங்கை உரலிலிட்டு இடித்துச் செய்யும் ஃபூஃபூக் களியைப் புரட்டுபவள் அவள். தம்பி நின்றுகொண்டு உலக்கையால் இடிப்பான். இரண்டு இடிகளுக்கு நடுவே அவள் கை உரலுக்குள் சென்று மாவைப் புரட்டி மீளவேண்டும். தம்பி நிற்பது இடப்பக்கம்; வெண்படலம் படர்ந்ததும் இடக்கண்தான். இரண்டு மாதத்துக்கு முன் நடுவிரல் நசுங்கிற்று. இன்னொரு விரல் போனால் உரலை விட்டுவிட்டுத் தட்டுக் கழுவப் போகவேண்டியதுதான் என்று கடைக்காரி சொல்லிவிட்டாள்.

புகைப்படத்துக்காக அம்பாதூவே குச்சியை ஏந்தினார். இடக்கண்ணை இடக்கையால் மூடி, வலக்கையால் டாச்சிவா ஏறக்குறைய எல்லா வரிசைகளையும் பிழையின்றிக் காட்டினாள். பின்பு வலக்கண்ணை வலக்கையால் மூடினாள். குச்சி பெரிய வடிவத்தைத் தட்டியது. அதற்கு நேர் கீழே அமர்ந்திருந்தவர் முதியவர் டாங்குவா. அவருக்கு நேராக இடக்கையை நீட்டுவதா? நல்ல குடும்பத்தில் பிறந்தவள் செய்யும் செயலா அது? அவள் வலக்கையைக் கண்ணிலிருந்து எடுத்தாள், பார்த்தாள், அதே கையால் காட்டினாள், மீண்டும் மூடிக்கொண்டாள். வரிசைதோறும் இவ்வாறே செய்தாள். கையை மட்டும் நோக்கிய அம்பாதூ அவள் கண்ணை நோக்கவேயில்லை.

"இடக்கண் பார்வை ஆறு-ஒன்பது! பிரமாதம்! அம்மாவுக்கு ஒண்ணுமில்ல. அடுத்த ஆளு!"

"ஒண்ணுமில்லையா? இந்தப் பக்கம் ஒரே பனிமூட்டம் ஐயா. உலக்கை வர்றதே தெரியல."

"அத்தனை தூரத்துல குட்டி எழுத்து தெரியுது, உலக்கை தெரியலையாக்கும்! இலவச ஆபரேஷன்னா எல்லாருக்கும் கண்ணு போயிடும்."

போகுவா அருகில் வந்து குரலைத் தாழ்த்தினாள். "ஐயா, அவங்க கையை எடுத்துட்டுத்தான் காட்டினாங்க. நல்ல கண்ணால பாத்தாங்க."

"எழுதினது எழுதினதுதான், சிஸ்டர். அடிச்சுத் திருத்தினா அறிக்கை அசிங்கமாயிடும்."

இதுகாறும் அவரை மூடர் என்று கருதி வந்தது மிகையான மரியாதை என்பது போகுவாவுக்கு அப்பொழுதுதான் விளங்கிற்று. மூடனுக்கு எடுத்துச் சொன்னால் புரியும். இவரோ காகிதத்தின் அழகு கெடாதிருக்க ஒருத்தியின் விரல்களை உரலில் போடவும் ஆயத்தமாயிருந்தார். அவள் இனிமையாகப் புன்னகைத்தாள்.

"மன்னிச்சுக்குங்க ஐயா. உங்க முறை எனக்குத்தான் பிடிபடல. நீங்களே ஒரு தடவை உக்காந்து செஞ்சு காட்டிட்டீங்கன்னா... படமும் எடுப்பா வரும்."

படம் என்ற சொல் வேலை செய்தது. அம்பாதூ கழுத்துப்பட்டையை நீவிவிட்டுக்கொண்டு நாற்காலியில் அமர்ந்து, வலக்கையால் வலக்கண்ணை மூடினார். போகுவா குச்சியால் அட்டையைத் தட்டினாள். அவருடைய இடக்கை மடியிலிருந்து எழுந்து பாதி தூரம் சென்றது.

பெஞ்சிலிருந்து டாங்குவா கனைத்தார். "யாரு வீட்டுப் பிள்ளைய்யா இது? என் மூஞ்சிக்கு நேரா இடக்கையா?"

சுட்டதுபோல் அக்கை கீழே விழுந்தது. மறுகணம் வலக்கை கண்ணை விட்டு நீங்கி, மேல்பக்கத்தை மிகப் பணிவாகக் காட்டியது. இரு கண்களும் அகலத் திறந்திருந்தன. புகைப்படக்காரர் பொத்தானை அழுத்தினார்.

முதலில் சிரித்தவள் டாச்சிவாதான். "ஐயாவுக்கும் ஆறு-ஒன்பதுன்னு எழுதிக்குங்க, சிஸ்டர்!"

"இவரையும் பட்டியல்ல சேத்துடாதீங்க, இலவசம்னு வந்திருப்பாரு!" என்று வரிசையின் கடைசியிலிருந்து ஒருவர் கூவ, கூடமே குலுங்கிற்று.

போகுவா சிரிக்கவில்லை. பஞ்சை மடித்து டாச்சிவாவின் வலக்கண்ணின்மேல் வைத்துப் பிளாஸ்திரி ஒட்டினாள். "இப்ப சொல்லுங்கம்மா, பெருசா ஒண்ணு இருக்கே, எந்தப் பக்கம் பாக்குது?"

"சுவரு எந்தப் பக்கம்னு முதல்ல சொல்லுங்க."

மூன்று மீட்டரில் நிறுத்தியும் தெரியவில்லை. முகத்துக்கு அரை மீட்டரில் பிடித்த விரல்களை மட்டும் எண்ணினாள். போகுவா அந்த அளவை எழுதிக் காகிதத்தை நீட்ட, அம்பாதூ எவரையும் நிமிர்ந்து பாராமல் பழையதை அடித்துக் கையொப்பமிட்டார். அறிக்கை அசிங்கமாகிவிட்டது, அதனால் உலகம் ஒன்றும் முடிந்துவிடவில்லை. காலையிலிருந்து அவருடைய விதிப்படி அளந்த மற்ற இடக்கண்களும் பஞ்சும் பிளாஸ்திரியுமாக மீண்டும் அளக்கப்பட்டன. பட்டியலில் மேலும் மூவர் ஏறினர்.

அவர் காரில் ஏறும்பொழுது செல்பேசியில் சொல்லிக்கொண்டிருந்தது சன்னல் வழியே தெளிவாகக் கேட்டது: "ஆமாங்க சார், பிளாஸ்திரி ஒட்டிச் சோதிக்கிற புது முறை. நம்ம அலுவலகத்தோட யோசனைதான். இங்க இருக்கிறவங்களுக்கு இப்பத்தான் கத்துக் குடுத்தேன்."

"கேட்டீங்களா சிஸ்டர், கத்துக் குடுத்தாராம்!" என்றாள் டாச்சிவா.

"பேசட்டும்மா. அங்க அவரோட வேலையே அதுதான்."

"எது எப்படியோ, நாளைக்கு எந்தக் கண்ணுல ஆபரேஷன்னு மட்டும் அவர்கிட்ட கேட்டுடாதீங்க."

போகுவா மைப்பேனாவை எடுத்து, டாச்சிவாவின் இடப்புருவத்துக்குமேல் குளித்தாலும் அழியாதபடி ஓர் அம்புக்குறியைத் தடிமனாக வரைந்தாள்.