அப்பா வேஷத்துக்கு ஒரு குரல்

"மகனே, இத்தனை நாள் எங்கே சென்றிருந்தாய்?" என்று கண்ணாடி அறைக்குள்ளிருந்து பெரியவர் கணீரென்று கேட்டார். வெளியே ஒலிப்பதிவு மேசையருகே உட்கார்ந்திருந்த தயாரிப்பாளர் அக்காவுக்கு வயிறு குளிர்ந்தது. தாளில் இருந்தது 'எங்கடா போன இத்தனை நாளா' என்பதுதான். அவர் கண் சரியாகத்தான் படிக்கிறது, வாய் திருத்திவிடுகிறது.

அறைக்குள் குரல் கேட்கவைக்கும் பொத்தானை அழுத்தி, "வீட்டுல பேசற மாதிரி பேசுங்கய்யா. இன்னொரு தடவ," என்றாள். எத்தனையாவது தடவையோ.

வானொலியில் உச்சரிப்புத் தேர்வாளராக இவர் கொடிகட்டிப் பறந்த காலத்தில் குரல் தேர்வுக்காக இதே மாதிரி ஒரு கண்ணாடி அறைக்குள் அவள் நின்றாள். ஒரு பத்தி முடிப்பதற்குள் இவர் குரல் வந்தது: "இந்த வாயை வைத்துக்கொண்டு சந்தையில் கூவலாம், அம்மா." அறையே சிரித்தது. அவளும் அசடு வழியச் சிரித்துவைத்தாள். அந்தச் சிரிப்பைத்தான் அவளால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. அப்புறம் வருஷக்கணக்காக நாக்கைத் திருத்தினாள். "யாருடி இவ, வீட்டுக்குள்ள மேடை போட்டுப் பேசறா" என்று பெற்ற தாயே கேலி செய்தாள். அதற்குள் காலம் பல்டி அடித்துவிட்டது. இப்போது எல்லோருக்கும் சந்தைப் பேச்சுதான் வேண்டும். செந்தமிழ் சிரிக்கவைக்க மட்டும். பாவி மனிதர், இவள் முகத்தையும் மறந்து, நாடகத்தில் அப்பா வேஷம் கேட்டு வந்து நிற்கிறார்.

"இன்னும் மேடைப் பேச்சாவே இருக்குங்க."

பெரியவர் தாளைக் கீழே வைத்தார். "முடியலம்மா. வீட்டுல பேச யாரு இருக்கா? அவ போய்ச் சேந்துட்டா. பையன் போன எடுக்கறதில்ல. நாள் பூரா வாயத் தொறக்காம கெடக்கேன். இதையும் இல்லன்னு சொல்லிடாத."

ஒலிப்பதிவாளன் நிமிர்ந்தான். "அக்கா, இந்தக் குரல்தான். பதிவும் ஆயிருக்கு."

அவளுக்கும் தெரிந்தது. இப்படி ஓர் அப்பாவைத் தேடித்தான் அலைந்துகொண்டிருந்தாள். அவர்மேல் இரக்கம் வந்தது, அதற்காகவே இன்னும் ஆத்திரம் வந்தது.

"அழிச்சிடு," என்றாள்.

பிறகு பொத்தானை அழுத்தி, ஒவ்வோர் எழுத்தாக நிறுத்திச் சொன்னாள்: "தங்கள் குரல் எங்களுக்கு ஏற்றதாக இல்லை, ஐயா. சென்று வாருங்கள்."

கண்ணாடிக்குள் பெரியவர் தலையை நிமிர்த்தினார். மெல்ல முகம் மலர்ந்தது.

"எவ்வளவு சுத்தமான உச்சரிப்பு," என்றார். "யாரிடம் கற்றீர்கள், அம்மா?"

பொத்தானிலிருந்து அவள் விரல் எழவில்லை.