முன்கட்டையைக் கழற்றிய பிறகு

அது அக்டோபரா நவம்பரா, எனக்குச் சரியாக நினைவில்லை. ஸ்பெயினின் ஐபார் ஊரில் என் துப்பாக்கிப் பட்டறைக்கு என் நண்பன் எனேகோ இரண்டு புதிய இரட்டைக்குழல் துப்பாக்கிகளைக் கொண்டுவந்தான். மலிவானதை மறுநாள் விற்றுவிட்டு, மாமனார் பரிசளித்த விலை உயர்ந்ததோடு உள்ளான் பறவை வேட்டைக்குப் போவதாக இருந்தான்.

இரண்டையும் உலுக்கினான். "பாருடா பாட்சி, ரெண்டும் பாறை மாதிரி கெட்டி!"

"முன்கட்டையோட உலுக்குனா எல்லாமே பாறைதான்டா, மடையா. குழல் மூட்டோட ஆட்டத்த அது மறைச்சிரும்."

குழலடியில் இருந்த அந்தக் கட்டையைக் கழற்றிவிட்டு உலுக்கினேன். மலிவானது சத்தமே போடவில்லை. மற்றது 'டக்' என்றது.

எனேகோ முன்கட்டையை எடுத்து மறுபடி மாட்டினான்.

"மாமா காதுல போட்டுராத," என்றான்.

மலிவானதை அவன் விற்கவில்லை. இன்றும் அதோடுதான் வேட்டைக்குப் போகிறான். பரிசுத் துப்பாக்கி சுவரில் தொங்குகிறது. அது ஏன் அங்கே தொங்குகிறது என்று தெரியாமலே மாமனார் இறந்துபோனார்.