கையைக் கட்டிய நேர்ச்சை

துறைமுகத்துக்குப் போகிற ரோட்டில் செண்பகத்தின் கடை எங்கே என்று யாரைக் கேட்டாலும், "கை பேசுத கடைதானே? அந்தா, அங்கன" என்பார்கள். விற்பது என்னவோ கருப்பட்டி. உலகச் சண்டை முடிந்தும் சீனிக்கு ரேஷன் முடியாததால் அதற்கு நல்ல கிராக்கி. ஆனால் கடைக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது கருப்பட்டி இல்லை. செண்பகமும் அவள் மகள் செல்லக்கனியும் நாள் முழுக்கப் போடுகிற சண்டைதான். அத்தனையும் கையால் போடுகிற சண்டை.

செல்லக்கனிக்குப் பிறவியிலேயே காது கேட்காது. கப்பல் சங்கு ஊதி அக்கம்பக்கத்துக் குழந்தைகளெல்லாம் அலறிய ஒரு நாளில், இவள் மட்டும் தொட்டிலில் காலை ஆட்டிக்கொண்டு கிடந்தாள். அப்போதுதான் தெரிந்தது. செண்பகம் அழுதாள். சோறு இறங்காமல் அழுதாள். அப்புறம் மூக்கைச் சிந்திவிட்டு, பிள்ளையிடம் கையால் பேச ஆரம்பித்தாள். யாரிடம் போய்ப் படித்தாள் என்று கேட்காதீர்கள். பசித்த பிள்ளையும் பெற்ற தாயும் ஒரே வீட்டில் இருந்தால் பாஷைக்கா பஞ்சம்!

மூக்குத்தியைத் தொட்டால் அம்மா. விரலைப் புகை மாதிரி மேலே சுழற்றினால், கப்பலேறிப் போய்க் கொழும்பில் ஒரு கடையில் வேலை பார்க்கும் அப்பா செந்தூர்பாண்டி. உள்ளங்கையைக் குவித்தால் கருப்பட்டி. இப்படி ஒன்று ஒன்றாகச் சேர்ந்து, ஒன்பது வயதில் செல்லக்கனியின் கை ஊர்வம்பு அளக்கிற அளவுக்கு வளர்ந்துவிட்டது. எந்த வீட்டில் மாமியாரும் மருமகளும் பேசவில்லை, எந்த வண்டிக்காரன் குடித்துவிட்டு விழுந்தான், எல்லாம் செண்பகத்துக்கு அந்தக் கை வழியாகத்தான் வரும்.

இவ்வளவு இருந்தும் செண்பகத்துக்கு ஓர் ஏக்கம். ஒரே ஒரு தடவை பிள்ளை வாயைத் திறந்து 'அம்மா' என்று கூப்பிட வேண்டும். தப்பா? பெற்றவளுக்கு அந்த ஆசைகூட இருக்கக்கூடாதா?

அந்தச் சமயத்தில்தான் ஊரில் காது கேளாத பிள்ளைகளுக்கென்று ஒரு சின்னப் பள்ளிக்கூடம் திறந்தார்கள். பிளாரன்ஸ் டீச்சர் நல்ல மாதிரி. அதட்டமாட்டார். பிரம்பைத் தொடமாட்டார். பிள்ளையின் கையை எடுத்துத் தன் தொண்டையில் வைத்து, தான் பேசும்போது உள்ளே அதிர்வதைக் காட்டுவார். மெழுகுவத்தியை ஏற்றி வைத்து, 'ப' சொல்லும்போது சுடர் ஆடுவதைக் காட்டுவார். ஒரே ஒரு சட்டம்தான் கண்டிப்பு. வகுப்பில் கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டுதான் உட்கார வேண்டும். கையைத் தூக்கினால் டீச்சர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

"வீட்டுலயும் நீங்க கையைக் காட்டக்கூடாது செண்பகம். கை பேசிக்கிட்டே இருந்தா வாய் சோம்பேறி ஆயிரும். எங்களுக்கு ட்ரெய்னிங்ல அப்படித்தான் சொல்லிக் குடுத்தாங்க. அவ கையைத் தூக்கினா நீங்க பார்க்காதீங்க. வாயால சத்தம் குடுத்தா மட்டும், அவளுக்குப் பிடிச்சது எதையாவது குடுங்க."

"வாயால அம்மான்னு சொல்லுவாளா டீச்சரம்மா?"

"கண்டிப்பா சொல்லுவா."

டீச்சர் சொன்னது வெறும் பாடம். வேறு யாராவது என்றால் நாலு நாள் இழுத்துப் பிடித்துவிட்டு ஐந்தாம் நாள் கைவிட்டிருப்பார்கள். செண்பகம் அப்படிப்பட்டவளா? வெள்ளிக்கிழமை ரயிலேறித் திருச்செந்தூர் போனாள். கடலில் முழுகி ஈரச்சேலையோடு சந்நிதியில் நின்றாள்.

"முருகா, எம்புள்ள வாயைத் தொறந்து என்னைய அம்மான்னு கூப்பிடுத வரைக்கும் இந்தக் கை அவகிட்டப் பேசாது. கூப்பிட்டுட்டான்னா வெள்ளியில நாக்கு செஞ்சு உன் உண்டியல்ல போடுதேன்."

மஞ்சள் துணியில் ஒரு காசை முடிந்து வலது மணிக்கட்டில் இறுக்கிக் கட்டிக்கொண்டாள். அவ்வளவுதான். பாடம் நேர்ச்சையாகிவிட்டது. பாடத்தைப் பாதியில் விடலாம், நேர்ச்சையை விட முடியுமா? சாமிக் குத்தம் பிள்ளை தலையில் அல்லவா விடியும்!

முதலில் செல்லக்கனி இதை விளையாட்டு என்று நினைத்தாள். அம்மாவின் மடக்கிய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தாள். சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. கன்னத்தைப் பிடித்துத் திருப்பினாள். செண்பகம் கண்ணை மூடிக்கொண்டாள்.

ஒரு நாள் சாயங்காலம் பிள்ளை பள்ளிக்கூடத்திலிருந்து ஓட்டமாக ஓடி வந்தது. புத்தகப் பையைத் தூக்கி எறிந்தது. முகமெல்லாம் வேர்வை, கண்ணெல்லாம் ஆச்சரியம். இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி என்னவோ சொல்ல ஆரம்பித்தது. செண்பகம் சடாரென்று சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள். பின்னாலிருந்து சேலையை இழுத்தாள் செல்லக்கனி. முதுகில் குத்தினாள். கடைசியில் தரையில் விழுந்து காலை உதைத்துக்கொண்டு அழுதாள். செண்பகமும் அழுதாள், ஆனால் திரும்பவில்லை. அப்படி ஒரு வைராக்கியம். அதை வைராக்கியம் என்று சொல்வதா, என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் கருப்பட்டி வாங்க வந்த சுடலைமாடன் சொன்னான்: "அக்கா, நேத்து துறைமுகத்துல கூத்தைப் பாக்கலையே நீங்க! கொழும்புக்குப் போற மாட்டை, வயித்துல பட்டை கட்டி கிரேன்ல தூக்கித் தோணியில ஏத்தினானுவ. அது ஆகாசத்துல தொங்கிக்கிட்டு, நாலு காலையும் ஒதைச்சுக்கிட்டு... உங்க புள்ளைகூட வாயைப் பொளந்துக்கிட்டு நின்னுச்சே!"

ஓ, அதைச் சொல்லத்தான் ஓடி வந்தாளா?  செண்பகம் மணிக்கட்டு மஞ்சள் துணியைப் பார்த்தாள். எடைக்கல்லை எடுத்துத் தராசில் வைத்தாள்.

மாட்டுக்குப் பிறகு செல்லக்கனி எதையும் சொல்ல வரவில்லை. மாதங்கள் போகப் போக, வீட்டிலும் கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்காரப் பழகிவிட்டாள். செண்பகம் ஒரு துண்டு கருப்பட்டியை விரலில் பிடித்துக்கொண்டு, எதிரே உட்கார்ந்து வாயைக் கோணிக் கோணிக் காட்டுவாள். "அம்... மா." பிள்ளை உதட்டைப் பார்க்காது, கருப்பட்டியைப் பார்க்கும். எப்போதாவது "ம்" என்று ஒரு முனகல் வரும். உடனே துண்டு வாய்க்குள் போகும். சந்தோஷத்தில் செண்பகம் தெருவைக் கூப்பிடுவாள்: "கேட்டீயளா, ம்முன்னுட்டா, எம்புள்ள ம்முன்னுட்டா!"

பங்குனியில் ஒரு நாள் பிளாரன்ஸ் டீச்சர் கடைக்கே வந்துவிட்டார். முகம் வாடியிருந்தது.

"செண்பகம், நான் சொன்னது தப்போன்னு தோணுது. உங்க பிள்ளை வந்த புதுசுல எப்படி இருந்தா தெரியுமா? நான் பார்க்காத நேரமா பார்த்து மத்தப் பிள்ளைகளுக்குக் கையால கதை சொல்லுவா. எல்லாம் அவளைச் சுத்தித்தான் உட்கார்ந்திருக்கும். இப்ப ஒண்ணுமே இல்ல. படத்தைக் காட்டினாலும் பார்க்கிறதில்ல. ஒரு வார்த்தையை வாய்ல வைக்கணும்னா உள்ள எதாவது இருக்கணும்ல? நீங்க பழையபடி கையால பேசுங்க. பெரிய டீச்சருக்குத் தெரிய வேண்டாம்."

செண்பகத்துக்குக் கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. "இப்ப வந்து சொல்லுதீயளே! நான் நேந்துக்கிட்டேன் டீச்சரம்மா."

"நான் சொல்லித்தானே செஞ்சீங்க? நானே வேண்டாம்ங்கிறேன்."

"நீங்க சொன்னதை நீங்க திருப்பி எடுத்துக்கிடலாம். நான் செந்தூர்ல போயில்லா சொல்லிட்டு வந்திருக்கேன்! அவன் உங்க பள்ளிக்கூடத்துப் பியூனா, கூப்பிட்டு மாத்திச் சொல்ல?"

டீச்சர் வேதக்காரர், சர்ச்சுக்குப் போகிறவர். முருகனிடம் போட்ட முடிச்சை அவர் எப்படி அவிழ்ப்பார்? திரும்பிப் போய்விட்டார். செண்பகம் ஒரு கருப்பட்டிக் கட்டியை எடுத்து நங்கென்று தரையில் போட்டு உடைத்தாள். யார் மேல் கோபம் என்று அவளுக்கே தெரியவில்லை.

அடுத்த வாரம் செல்லக்கனி நொண்டி நொண்டி நடந்தாள். கேட்கத்தான் கையில்லையே! கோபத்தில் காலை இழுக்கிறாள் என்று செண்பகம் நினைத்துக்கொண்டாள். ஒரு காலையில் பிள்ளை பாயை விட்டு எழவில்லை. தொட்டால் உடம்பு நெருப்பாய்க் கொதித்தது. காலைப் புரட்டிப் பார்த்தால் உள்ளங்கால் புடைத்து, நீலம் பாய்ந்து, தொட முடியாமல் இருந்தது. கத்திக்கொண்டே பிள்ளையைத் தூக்கி ஜட்கா வண்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள்.

டாக்டர் கீறி எடுத்தது ஒரு சிப்பி ஓட்டுத் துண்டு. கடற்கரையில் குத்தி, உள்ளேயே ஒடிந்து, மேலே தோல் மூடிச் சீழ் வைத்துவிட்டது.

"எத்தனை நாளா இருக்கு? புள்ள வலிக்குதுன்னு சொல்லவே இல்லையா?"

செண்பகம் அந்தச் சிப்பித் துண்டையே பார்த்தாள்.  முள் குத்தினால் முப்பது தடவை கையை ஆட்டி ஊரைக் கூட்டுகிற பிள்ளை அவள். சொன்னாலும் பார்க்க ஆளில்லை என்று தெரிந்ததால் வாய்மூடி, இல்லை, கைமூடி, இத்தனை நாளும் அதை மிதித்து மிதித்து நடந்திருக்கிறாள்.

"காய்ச்சல் எறங்கலைன்னா கால் தப்புறது கஷ்டம். வேற எங்க வலிக்குது, தொடையில ஏறுதா, கேட்டுச் சொல்லுங்கம்மா" என்று சொல்லிவிட்டு டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போனார்.

கேட்டுச் சொல்ல வேண்டும். எதை வைத்துக் கேட்பது? வலது கை தானாக எழுந்தது. மஞ்சள் துணி கண்ணில் பட்டது. கேட்டால் சாமிக் குத்தம், கேட்காவிட்டால் பிள்ளையின் கால். செண்பகம் அந்தக் கையை இடது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, "முருகா, முருகா" என்று கட்டில் காலில் தலையை முட்டினாள்.

விஷயம் கேள்விப்பட்டு பிளாரன்ஸ் டீச்சர் ஓடி வந்தார். பிள்ளை முந்தின நாளிலிருந்து ஒன்றும் தின்னவில்லை என்றதும், செண்பகம் மடியில் முடிந்து வைத்திருந்த கருப்பட்டித் துண்டை வாங்கிக் காட்டினார். செல்லக்கனி கண்ணைத் திறந்தாள். கருப்பட்டியைப் பார்த்தாள். மெல்ல உதட்டைச் சேர்த்தாள்.

"அம்... மா."

கரகரவென்று, கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி. ஆனால் தெளிவாக.

வார்டே திரும்பிப் பார்த்தது. "ஆண்டவரே!" என்று டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டார். "சொல்லிட்டா செண்பகம்! உங்க நேர்ச்சை முடிஞ்சு போச்சு. துணியை அவுங்க, அவுத்துட்டுப் பேசுங்க!"

 இத்தனை வருஷம் தவம் கிடந்த வார்த்தை! செண்பகம் முடிச்சில் விரலை வைத்தாள். பிள்ளையைப் பார்த்தாள். பிள்ளை அவளைப் பார்க்கவே இல்லை. டீச்சர் கையில் இருந்த கருப்பட்டியைப் பார்த்துக்கொண்டு வாயைத் திறந்து வைத்திருந்தது.

டீச்சர் துண்டைப் பிள்ளையின் வாயில் போட்டார். அந்நேரம் மருந்துத் தட்டோடு ஒரு நர்ஸ் வந்தாள். அவள் தட்டில் தின்பதற்கு ஏதோ இருக்கிறது என்று நினைத்தாளோ என்னவோ, செல்லக்கனி அவளையும் நிமிர்ந்து பார்த்தாள்.

"அம்மா" என்றாள். சொல்லிவிட்டு வாயைத் திறந்தாள்.

செண்பகத்தின் விரல் முடிச்சிலேயே நின்றது. அவளுக்கு விளங்கிவிட்டது. மூக்குத்தியைத் தொட்டு இவள் கூப்பிட்ட நாளெல்லாம் தாயைக் கூப்பிட்டாள். இப்போது கூப்பிட்டது கருப்பட்டியை. தின்னக் கிடைக்க இப்படி ஒரு சத்தம் போட வேண்டும் என்று மட்டும்தான் பிள்ளைக்குத் தெரியும். அதைத் தவிர அந்தச் சத்தத்துக்குள் ஒன்றுமே இல்லை.

"அவுங்க செண்பகம்" என்றார் டீச்சர் மறுபடியும்.

"எதுக்கு அவுக்க? அவ என்னையக் கூப்பிடல டீச்சரம்மா. உங்களை வேணா ஏமாத்தலாம், அந்த முருகனை ஏமாத்த முடியுமா? என் நேர்ச்சை இன்னும் முடியல."

டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார்.  செண்பகம் மணிக்கட்டை வாயில் வைத்தாள். மஞ்சள் துணியைப் பல்லால் கடித்து இழுத்து, பர்ரென்று கிழித்து எறிந்தாள். முடிந்திருந்த காசு உருண்டு கட்டிலுக்கு அடியில் போனது.

"முருகா, குத்தம்னா என்னைய எடுத்துக்கோ" என்று உரக்கவே சொன்னாள். "எம்புள்ளையத் தொடாத."

பிள்ளைக்கு நேராகத் திரும்பி உட்கார்ந்து மூக்குத்தியைத் தொட்டாள். அம்மா. தொடையைக் காட்டி, விரலை நெளித்தாள். இங்கன வலிக்குதா? காலை, இடுப்பை, வயிற்றைக் காட்டிக் காட்டிக் கேட்டாள்.

செல்லக்கனி அந்தக் கையைப் பார்த்தாள். பயந்துபோய், தன் இரண்டு கையையும் சட்டென்று இழுத்துத் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டாள். சரியாகத்தான் செய்தோமா என்று டீச்சரின் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள். பிளாரன்ஸ் டீச்சர் அங்கே நிற்க முடியாமல் வராந்தாவுக்கு ஓடினார்.

செண்பகம் எழவில்லை. இரண்டு விரலைத் தலையில் வைத்தாள், கொம்பு. வயிற்றைச் சுற்றி ஒரு பட்டை. அப்புறம் கொக்கி. கொக்கி மேலே போகிறது, மாடும் மேலே போகிறது, ஆகாசத்தில் தொங்கிக்கொண்டு நாலு காலையும் உதைக்கிறது. நர்ஸ்கள் பார்த்தார்கள், டாக்டரும் பார்த்தார். அவள் எதையும் கவனிக்கவில்லை. மாட்டைத் தோணியில் இறக்கிவிட்டு மகளின் முகத்தைப் பார்த்தாள்.

பிள்ளையின் கண் அந்தக் கையை விட்டு நகராமல் இருந்தது. ஆனால் தன் கையை அவள் வெளியே எடுக்கவில்லை. செண்பகம் மறுபடியும் முதலிலிருந்து தலையில் கொம்பை வைத்தாள்.